மண்ணிலிருந்து எழுந்ததை அளந்த எங்கள் அக்கா

எங்கள் அக்கா செந்துறைக்குப் பக்கத்துக் கிராமத்தில், பிறர் நிலத்தில் கூலிவேலை செய்த அப்பா அம்மாவுக்கு மூத்த பிள்ளையாகப் பிறந்தார். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவர் அவர்தான். வேளாண்மை படித்து, மண் ஆராய்ச்சி வேலையில் சேர்ந்தார்.

அது என்ன வேலை என்பது எங்களுக்கு நெடுநாள் விளங்கவில்லை. பெரம்பலூர்ப் பக்கம் நாங்கள் குத்தகைக்கு எடுத்து மக்காச்சோளம் போட்டிருந்த காட்டுக்கு ஒருமுறை வந்தார். யூரியா போட்டு, அதன் மேல் மழையும் பெய்திருந்தது. அடிப்பக்கம் திறந்த பெட்டியொன்றை மண்ணில் கவிழ்த்து அழுத்தினார். சற்றுப் பொறுத்து, அதற்குள் சேர்ந்த காற்றை ஊசிக்குழலால் உறிஞ்சி எடுத்தார். மண்ணிலிருந்து என்ன வரப்போகிறது என்று கேட்டேன்.

“பயிர் எடுத்தது போக மிச்ச யூரியாவ மண்ணுல இருக்கற நுண்ணுயிருங்க திங்குதுடா தம்பி. அதுல ஒரு வாயு வருது. கண்ணுக்குத் தெரியாது. மேல போயி, நம்ம பேரப்புள்ளைங்க காலத்துலயும் நின்னு பூமியச் சூடாக்கும்.”

பிறந்தது முதல் மண்ணில்தான் புழங்குகிறேன். அது காலடியில் இப்படி ஓயாமல் இயங்குகிறது என்று அன்றுதான் அறிந்தேன். அந்த ஈர நிலத்தில் கால் வைக்கவே கூசியது.

யூரியாவைக் குறைத்து, இலையின் நிறம் பார்த்துப் பல தடவையாகப் பிரித்துப் போடச் சொன்னார் அக்கா. விளைச்சல் விழுந்தால் குத்தகை நிலம் கைவிட்டுப் போய்விடும் என்று அப்பா பயந்தார். கடைசியில் பாதிக் காட்டை மட்டும் அக்காவிடம் விட்டார். இரண்டு பாதியிலும் பெட்டிகள் வைக்கப்பட்டன.

அந்தப் பருவத்தில்தான் அக்காவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. சிகிச்சைக்கு நடுவிலும், தலையில் துணி கட்டிக்கொண்டு, மழை பெய்தால் மறுநாள் காட்டுக்கு வந்துவிடுவார். வீட்டிலேயே இருக்கும்படி அம்மா கெஞ்சினார்.

“மழை பெஞ்ச ஒடனேதாம்மா நெறைய வரும். அத வுட்டுட்டா அளந்ததே வீணு” என்றார்.

நிற்க முடியாத நாட்களில் அவர் வரப்பில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, நான் காற்றை எடுத்தேன்.

அறுவடையில் இரண்டு பாதியிலும் கதிர் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தது. அளவுகள் வந்தபோது அக்கா படுக்கையில் இருந்தார். யூரியா குறைந்த பாதியில் வாயுவும் குறைந்திருந்தது.  அதைக் கேட்ட அப்பா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அடுத்த போகம் முழுக் காடும் ஒன் பேச்சுப்படிதாம்மா.”

அக்கா சிரித்தார். அந்த மாதமே எங்களை விட்டுப் போனார்.

பெட்டிகளை உடையாமல் ஏற்றி இறக்கிய பஸ் கண்டக்டர்களுக்கும், மருத்துவமனையில் கண்ணாகப் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், அளவுகளை முடித்துத் தந்த அக்காவின் அலுவலக நண்பர்களுக்கும் கடமைப்பட்டிருக்கிறோம். துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம் மகளைப் பற்றிப் பேச முடியாமல், அப்பா மண்ணிலிருந்து எழும் அந்த வாயுவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். பாதியில் எழுந்து போகாமல் கேட்ட உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.