பதினேழாம் நம்பர் வீட்டுக் கழிவறை

“…ரொம்பிடுச்சுன்னா அப்பறம் யாரு அள்ளுறது? நீ வந்து அள்ளுவியா, இல்ல உங்க ஆபீசரு வந்து அள்ளுவாரா?” என்று தனபாக்கியம் அம்மா என்னைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

தொட்டியத்துக்குப் பக்கத்து ஊர் ஒன்றில், அவர் வீட்டுப் பின்புறத்தில், கழிவறைக் குழியின் சிமெண்ட் மூடியைச் சுற்றி மூன்று பேர் நின்றிருந்தோம். அவர், நான், கடப்பாரையோடு வந்த கொத்தனார். மூடியைத் திறக்கலாமா கூடாதா என்பதுதான் பேச்சு. அந்த இடத்துக்கு நாங்கள் எப்படி வந்து சேர்ந்தோம் என்று சொல்ல ஒரு மாதம் பின்னால் போக வேண்டும்.

டப்பா

நான் ஸ்ரீரங்கத்துக்காரி. பிளஸ் டூவோடு படிப்பு நின்றது. மீதியை வீடு வீடாகப் போய்த்தான் படித்தேன். இருபது வருஷமாக சர்வே வேலை. சோப்பு, ரேஷன், தடுப்பூசி என்று எத்தனையோ கேட்டு எழுதியிருக்கிறேன். கடைசி சில வருஷங்களாக, கிராமத்து வீடுகளில் கழிவறையை யார் யார் பயன்படுத்துகிறார்கள் என்று அளக்கிற வேலை.

கட்டியிருக்கிறதா என்று பார்ப்பது சுலபம், கண்ணுக்குத் தெரியும். போகிறார்களா என்பதை எப்படி அளப்பது? வாசலில் நின்று கேட்டால் எல்லாரும் “போறோம்” என்பார்கள். அதைப் பொய் என்று சொல்ல எனக்கு மனசு வராது. வெயிலில் வந்தவளுக்கு ஒரு சொம்புத் தண்ணீர் கொடுக்கிற மாதிரி அந்தப் பதிலையும் கொடுப்பார்கள்.

கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசினால் வேறு வரும். வையம்பட்டிப் பக்கம் ஒருவர், “மழைக்கு உள்ள, வெயிலுக்கு வெளிய” என்றார். இன்னொரு வீட்டு அம்மா, “மருமவன் வந்தா தொறப்போம்மா” என்றார். இவை ஃபாரத்தில் எந்தக் கட்டத்திலும் அடங்காது. என் நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதி வைத்துக்கொள்வேன்.

வாய்ப் பதிலை நம்ப முடியாது என்று ஆபீஸில் ஒரு டப்பா கொடுத்தார்கள். சோப்பு டப்பா அளவு. உள்ளே ஆள் அசைவைப் பார்க்கும் சென்சார். கழிவறைச் சுவரில் உயரத்தில் மாட்டிவிட்டால், ஆள் உள்ளே போகும்போதெல்லாம் ஒரு எண் ஏறும். போட்டோ எடுக்காது, குரலைப் பிடிக்காது. இதை வீட்டில் எல்லாருக்கும் விளக்கி, சம்மதம் வாங்கித்தான் மாட்ட வேண்டும்.

தனபாக்கியம் அம்மா வீடு எங்கள் லிஸ்டில் பதினேழாம் நம்பர். நான் விளக்கியதையெல்லாம் கேட்டுவிட்டு, “படம் புடிக்காதுல்ல? புடிச்சாலும் அங்க என்ன சினிமாவா ஓடுது, மாட்டிக்க” என்றார்.

வீட்டில் நாலு பேர். அவர், அவர் கணவர், வாழைத்தார் ஏற்றிக்கொண்டு திருச்சி மார்க்கெட்டுக்கு லோடு ஆட்டோ ஓட்டும் மகன், மருமகள் கவிதா. கவிதாவுக்கு ஏழாம் மாதம். கணவருக்கு முட்டி தேய்ந்துவிட்டது. கழிவறைக் கதவுக்கு எதிரே, கொய்யா மர நிழலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுப் பகலெல்லாம் அதிலேயே இருப்பார்.

முதல் வாரத்து எண்கள் வந்தன. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தடவை. நாலு பேர், ஆளுக்கு மூன்று. எங்கள் சூப்பர்வைசர் சின்ன வயசுத் தம்பி. சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஆபீஸில் கம்ப்யூட்டரைப் பார்த்துச் சிரித்தார். “அக்கா, பதினேழு சூப்பர்க்கா. மாடல் ஹவுஸ்னு போட்டுடலாம்.” மாடல் ஹவுஸ் என்றால் அந்த வீட்டுக்கு மறுபடி போக வேண்டியதில்லை. எண் குறைவான வீடுகளுக்குத்தான் போய்ப் பேசுவோம், பழுது பார்ப்போம். நானும் பெருமையாகத் தலையாட்டிவிட்டு வந்தேன்.

பாட்டில்

டப்பாவைக் கழற்றி வர முதல் பஸ்ஸில் போனேன். வெளிச்சம் அப்போதுதான் வந்துகொண்டிருந்தது. வாய்க்கால் கரையிலிருந்து கவிதா ஏறி வந்தாள். ஒரு கை இடுப்பில். புடவை ஓரமெல்லாம் சேறு. என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

“மாட்டுக்குப் புல்லு இருக்கான்னு பாத்துட்டு வரேன்க்கா” என்றாள். இன்னொரு கையில் காலித் தண்ணீர் பாட்டில். புல் பார்க்க யாரும் பாட்டில் கொண்டு போவதில்லை. நான் ஒன்றும் கேட்காமல் கூட நடந்தேன். பத்தடி போனதும் அவளே சொன்னாள். முந்தின நாள் வரப்பில் வழுக்கி உட்கார்ந்தபடி விழுந்தாளாம். குழந்தை அசைகிற வரைக்கும் அங்கேயே வயிற்றைத் தொட்டுக்கொண்டு இருந்தாளாம். வீட்டில் சொல்லவில்லை.

அப்படியென்றால் பன்னிரண்டு எங்கிருந்து வந்தது என்று கேட்டேன்.

“மாமாவுக்கு சுகர்க்கா. அவங்க ஒருத்தரே அத்தன தடவ போவாங்க. நாங்க மூணு பேரும் வெளியதான். எல்லாரும் போனா குழி ரொம்பிடும்னு அத்தை சொல்லுவாங்க. அவங்க சொல்லாட்டியும், மாமா அங்கயே உக்காந்திருக்காங்க. அவங்களத் தாண்டி வாளியத் தூக்கிட்டு நான் எப்படிக்கா உள்ள போறது?” பாட்டிலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, “அத்தைகிட்ட சொல்லிடாதீங்க” என்றாள்.

ஒரு நோயாளியின் பன்னிரண்டு நடையை நாலால் வகுத்து, மூன்று பேரை வாய்க்கால் கரையில் விட்டுவிட்டு வந்திருக்கிறேன். நான் தலையாட்டியதால் இந்த வீட்டுக்கு இனி யாரும் வரமாட்டார்கள். அவளுக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. மழை வேறு தொடங்கியிருந்தது.

ஆபீஸில் சொன்னேன். “டேட்டாவ மாத்தக் கூடாதேக்கா” என்றார் தம்பி. மாற்ற வேண்டாம், ஆளுக்கு ஒரு வரி சேருங்கள் என்றேன். ஒவ்வொருவரையும் தனியாக, ‘இன்னைக்குக் காலையில நீங்க எங்க போனீங்க’ என்று கேட்டு எழுதுவோம். அவர் யோசித்தார். மாடல் ஹவுஸ் என்பதைத் தன் கையாலேயே அழித்தார். அன்றிலிருந்து எங்கள் ஃபாரத்தில் வீட்டுக்கு ஒரு வரி போய், ஆளுக்கு ஒரு வரி வந்தது. புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வதும் இதுதான்: வீடு எங்கேயும் போவதில்லை, ஆள்தான் போகிறார். ஆளைக் கேளுங்கள்.

இன்னொரு விதியும் உண்டு. ஒருவர் சொன்னதை அதே வீட்டில் இன்னொருவரிடம் கொண்டு போகக் கூடாது. கவிதா பேரைச் சொல்லாமல் மாமியாரிடம் என்ன பேசுவது?

குழி

கடைசியில் குழியைப் பற்றி மட்டும் கேட்டேன். எப்போது கட்டியது, எத்தனை சிமெண்ட் உறை இறக்கியது என்று. தனபாக்கியம் அம்மாவே பயத்தைக் கொட்டினார். கட்டி நாலு வருஷம் ஆகிறது, பாதிக்கு மேல் ஏறியிருக்கும், அதனால்தான் முடியாதவர் மட்டும் போகட்டும் என்று மற்றவர்கள் வாய்க்கால் பக்கம் போகிறார்கள். அவரும் அறுபது வயசில் அந்த வழுக்கு வரப்பில்தான் நடக்கிறார். “திறந்து பாத்துடலாமா?” என்றேன். அப்படித்தான் கொத்தனாரோடு போய் நின்றதும், யார் அள்ளுவது என்று அவர் கேட்டதும்.

“அள்ளவே வேணாம்மா” என்றார் கொத்தனார். “பக்கத்துல இன்னொரு குழி சும்மா கெடக்குல்ல. இது ரொம்பினா அதுக்குத் திருப்பி விட்டுடணும். இத ரெண்டு வருஷம் மூடிப் போட்டா உள்ள இருக்கறது மண்ணாப் போயிடும். வாழைக்குப் போடலாம்.”

“நீயே பேசிக்க. தொற, பாப்போம்” என்றார் தனபாக்கியம் அம்மா.

கொத்தனார் மூடியை நகர்த்திவிட்டு, காற்று வெளியேறட்டும் என்று எங்களைத் தள்ளி நிற்கச் சொன்னார். பிறகு நீளமான சவுக்குக் கம்பை அடிவரை இறக்கி வெளியே எடுத்தார். ஈரம் பட்டிருந்தது ஒரு முழம்கூட இல்லை.

தனபாக்கியம் அம்மா கம்பின் பக்கத்தில் தன் முழங்கையை வைத்துப் பார்த்தார். “இம்புட்டுதானா?” நாலு வருஷமாக எதற்குப் பயந்தோம் என்று கேட்கிற குரல். கழிவறைக் கதவைப் பார்த்தார். கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த கவிதாவைப் பார்த்தார். அவள் புடவை ஓரத்தில் காய்ந்திருந்த சேற்றில் கொஞ்ச நேரம் பார்வை நின்றது. கடைசியாக, கதவுக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்த கணவரைப் பார்த்தார்.

“நான் இந்த வீட்டுக்கு வந்தப்ப எங்க மாமனாரு வாய்க்காப் பாதையிலதான் கட்டில் போட்டுப் படுத்திருப்பாரு” என்று யாரையும் பார்க்காமல் சொன்னார். “அவரு முழிக்கறதுக்குள்ள ஓடிப்போயி ஓடி வருவேன்.”

பிறகு கணவர் பக்கம் திரும்பினார்.

“ஏங்க, எந்திரிங்க.”

“எதுக்கு? நல்லாத்தானே உக்காந்திருக்கேன்.”

“எந்திரிங்கங்கறேன்ல.”

அவர் கொய்யா மரத்தைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தார். தனபாக்கியம் அம்மா நாற்காலியை ஒரு கையால் தூக்கி, இன்னொரு கையால் கணவரைத் தாங்கி, வீட்டுச் சுவரைச் சுற்றிப் பத்தடி நடந்தார். அங்கிருந்து கழிவறைக்கு அவரால் நடந்து வர முடியும். ஆனால் கதவு கண்ணில் படாது. நாற்காலியை வாழைத் தோப்பைப் பார்க்கத் திருப்பிப் போட்டு, முந்தானையால் துடைத்து, அவரை அதில் உட்கார வைத்தார்.