சங்கிலிச் சத்தம்

பதினாறு வருஷமாக அடுத்தவர் வீட்டுக் கேட்டைத் திறந்து உள்ளே போய் வந்தவர் அவர். சுவரில் இருக்கும் மின் மீட்டரில் எத்தனை யூனிட் ஓடியிருக்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்வது வேலை. அதனால் தெருவிலும் ஆபீஸிலும் அவருக்கு யூனிட்டக்கா என்றே பெயர் விழுந்துவிட்டது. சொந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால், பின்னால் வேறு யாரோ வருகிறார்கள்போல என்று திரும்பிப் பார்ப்பார்.

அந்த ஆபீஸில் தெருத்தெருவாக நடக்கிற பதினொரு பேரில் அவர் ஒருவர்தான் பெண். வேலைக்குச் சேர்ந்தபோது கவுண்டரில்தான் உட்காரவைத்தார்கள். ஆறு மாதம் கெஞ்சினார், ஆறு மாதம் சண்டை போட்டார். "உக்காந்து தேயறதுக்கு நடந்து தேயறேன் சார், விடுங்க" என்று சொல்லி வாங்கிய நடை அது. வாங்கியதை வீணாக்கவும் இல்லை. அவர் தாளில் ஒரு மாதம்கூட 'வீடு பூட்டியிருந்தது' என்ற வரி வந்ததில்லை. பூட்டியிருந்தால் சாயங்காலம் போவார். அப்போதும் பூட்டியிருந்தால் மறுநாள் விடிந்ததும், வீட்டுக்காரர் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது போய் நிற்பார்.

இந்த வேலையில் மீட்டரைப் படிப்பது இரண்டாவது பாடம்தான். முதல் பாடம் நாயைப் படிப்பது. கேட்டை இரண்டு தட்டு தட்ட வேண்டும். உள்ளே சங்கிலி குலுங்கினால் நாய் கட்டிக் கிடக்கிறது என்று அர்த்தம், தைரியமாகப் போகலாம். குரைப்பு மட்டும் கேட்டு, சங்கிலி கேட்காவிட்டால் அங்கேயே நின்றுவிட வேண்டும். "சங்கிலி பேசினா நாம நடக்கலாம்" என்பது மீட்டர் பார்க்கிறவர்களுக்குள் பழமொழி மாதிரி. நாய் எங்கே என்று வீட்டுக்காரரிடம் கேட்பது கத்துக்குட்டிகள் செய்கிற காரியம். யூனிட்டக்கா பதினாறு வருஷத்தில் ஒருமுறையும் கேட்டதில்லை. காதை நம்பினார், காதும் அவரைக் கைவிட்டதில்லை.

கைவிட்டது பல் டாக்டர் வீட்டில்.

காலை பதினொன்றரை மணி இருக்கும். இரண்டு தட்டு. சங்கிலி குலுங்கியது. வீட்டுக்கும் மதில் சுவருக்கும் நடுவே ஆள் ஒருவர் நுழையக்கூடிய சந்து, அதன் கோடியில் மீட்டர். டார்ச்சை அடித்து ஐந்து எண்ணில் மூன்றைப் படித்திருப்பார். பின்னால் சங்கிலிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கேட்கட்டும் என்று நான்காவது எண்ணுக்குப் போனார். அப்போதுதான் உறைத்தது. கட்டிக் கிடக்கிற சங்கிலி ஒரே இடத்தில்தானே சத்தம் போடும்? இது கிட்டே வருகிறதே?

சுவரில் அடித்திருந்த கொக்கியோடு பிடுங்கிக்கொண்டு, சங்கிலியைத் தரையில் இழுத்தபடி வந்துவிட்டது நாய். குரைக்கிற நாய் கடிக்காது என்பார்கள். இது பழமொழிக்குக் கட்டுப்பட்ட நாய், ஒரு சத்தமும் போடவில்லை. இடது கெண்டைக்காலைக் கவ்வியது.

பல் டாக்டர் ஓடி வந்து நாயைப் பிடித்து இழுப்பதற்குள் நாலு பள்ளமும் ஒரு கிழிசலும் ஆகியிருந்தன. யூனிட்டக்கா நொண்டிக்கொண்டே போய் வாசல் குழாயடியில் உட்கார்ந்தார். நாய் கடித்தால் முதல் வேலை, ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுவது என்று ஆபீஸில் சொல்லியிருந்தார்கள். டாக்டரிடம் சோப்பு கேட்டார், கைக்கடிகாரத்தைப் பார்த்து நிமிடம் சொல்லச் சொன்னார். டாக்டரோ கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"நீங்களே அழுதுட்டா நான் எப்ப டாக்டர் அழறது? எத்தனை நிமிஷம் ஆச்சுன்னு சொல்லுங்க."

"ஏழும்மா."

"இன்னும் எட்டு இருக்கு. குழாயை நல்லாத் திறந்து விடுங்க."

ஆஸ்பத்திரியில் காயத்தைச் சுற்றியே ஒரு மருந்தை ஏற்றினார்கள். கடித்ததைவிட அது வலித்தது. தையல் உடனே போட மாட்டோம், திறந்தே ஆறட்டும் என்றார் நர்ஸ். "அந்தக் காலம் மாதிரி வயித்துல பதினாலு ஊசி கிடையாதுக்கா. கையிலதான், அஞ்சே அஞ்சு" என்று அட்டையில் தேதி எழுதிக் கொடுத்தார். ஐந்தாவது ஊசி இருபத்தெட்டாம் நாள். நாயையும் பத்து நாள் கவனித்தார்கள். அதற்கு ஒன்றுமில்லை, நன்றாகச் சாப்பிட்டது, நன்றாகத் தூங்கியது. யூனிட்டக்காதான் சாப்பிடவில்லை, தூங்கவில்லை.

அந்த வாரமே சூப்பர்வைசர் வீட்டுக்கு வந்து பார்த்தார். "பல் டாக்டர் வீட்டு நாயாச்சே, பல்லெல்லாம் சுத்தமாத்தான் இருந்திருக்கும்னு ஆபீஸ்ல பேசிக்கிறாங்க" என்றார். யூனிட்டக்காவும் சிரித்தார். போகும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அவர் சொன்னதற்குச் சிரிக்கவில்லை. "அடுத்த மாசம் அந்தத் தெருவுக்கு ரீடிங் வரும் இல்லையா, அன்னைக்கு உங்களால முடியலன்னா உங்க ஏரியாவை வேற ஆளுக்குக் குடுத்துடுவோம். கவுண்டர் காலியாத்தான் இருக்கு, ஃபேனுக்குக் கீழ. யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க யூனிட்டக்கா."

யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க. அந்த ஒரு வாக்கியம் கெண்டைக்காலைவிட ஆழமாக இறங்கிவிட்டது.

கடிபட்ட காலை யூனிட்டக்கா ஒரு வேலைக்காரனைப் போல விரட்டி வேலை வாங்கினார். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி நுனிக்காலில் நிற்பார். முதல் நாள் மூன்று முறை, பல்லைக் கடித்துக்கொண்டு. மூன்றாவது வாரம் நாற்பது. பத்தாவது படிக்கும் மகள், "என்னம்மா, பக்கத்து வீட்டை எட்டிப் பாக்குறியா?" என்பாள். "ஆமாடி, அங்க உன்னைவிட நல்ல பொண்ணு ஒருத்தி இருக்காளாம்" என்று சொல்லி நாற்பத்தொன்றாவதையும் முடிப்பார். காயம் மூடியது. மாடிப்படி ஏறினார். தெருக்கோடி வரை நடந்தார்.

ஆனால் கால் தேறிய பிறகுதான் காது கெட்டுப்போயிருப்பது தெரிந்தது.

அவர் கணவருக்கு வீட்டு முன்னறையிலேயே சைக்கிள் ரிப்பேர் கடை. யாரோ ஒருவர் அறுந்த செயினைக் கொண்டுவந்து தரையில் போட்டார். அடுக்களையில் இருந்த யூனிட்டக்கா கையிலிருந்த தட்டை நழுவவிட்டார். அப்புறம் பூங்கா ஊஞ்சல். அப்புறம் பள்ளிக்கூடத்துக் கேட்டில் தொங்கும் பூட்டுச் சங்கிலி. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவருக்குக் காது அரண்டுபோயிருந்தது. எங்கே இரும்பு குலுங்கினாலும் முதுகு விறைத்துவிடும், திரும்பிப் பார்க்கவும் முடியாது. கேட்டால், "கால் வலிக்குது" என்று சொல்லிச் சமாளித்தார். காலுக்கு வலியைச் சொல்லலாம். காதுக்கு என்னவென்று சொல்வது?

கணவர் அதிகம் பேசாத மனிதர். ஆனால் தட்டு விழுந்ததைப் பார்த்திருந்தார். மூன்று நாள் கழித்துத்தான் யூனிட்டக்காவுக்கு வீடு இப்படி ஊமையாகக் கிடப்பது புரிந்தது.

"ஏங்க, கடையில ஒரு செயின் சத்தத்தையும் காணோமே?"

"இப்ப சீசன் இல்லம்மா."

"சைக்கிள் செயினுக்கு ஏதுங்க சீசன்?"

எழுந்து போய்ப் பார்த்தார். செயின் எல்லாம் ஒவ்வொன்றாகப் பழந்துணியில் சுற்றி, கைக்குழந்தைகள் மாதிரி அலமாரியில் அடுக்கிவைக்கப்பட்டிருந்தன. செயின் மாட்டும் வேலைக்கு மட்டும் மனுஷர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தெருக்கோடிக்குப் போய்வந்திருக்கிறார். யூனிட்டக்கா ஒரு பொட்டலத்தைத் தொட்டு நேராக வைத்தார். பிறகு சொன்னார்: "சைக்கிளைப் பூட்டுற சங்கிலி இருக்குமே, அதுல நீளமா ஒண்ணு எடுங்க."

உள்ளறைச் சுவரைப் பார்த்தபடி, கையில் டார்ச்சோடு நின்றுகொண்டார். சுவரில் ஒரு தாளை ஒட்டி மகள் அதில் ஐந்து எண்களைப் பொடியாக எழுதியிருந்தாள். கணவர் வாசலிலிருந்து சங்கிலியைத் தரையில் இழுத்துக்கொண்டு, அவர் முதுகை நோக்கி வர வேண்டும். அதுதான் ஏற்பாடு.

"என்னையே நாயா நடிக்கச் சொல்றியே" என்று தயங்கினார் கணவர்.

"கட்டிக்கிட்ட நாள்லேர்ந்து நீங்க குரைச்சதே இல்லையே, அந்த நாயும் குரைக்கல. அதே மாதிரி வாங்க, அது போதும்."

முதல் நாள் ஓர் எண்ணைக்கூடப் படிக்கவில்லை. சத்தம் நிலைப்படியைத் தாண்டும் முன்பே திரும்பிவிட்டார், முகம் வெளுத்திருந்தது. கணவர் சங்கிலியைக் கீழே போட்டார். "வேணாம்மா, கவுண்டருக்கே போயிடு." "எடுங்க அதை" என்றார் யூனிட்டக்கா. தினமும் காலையில், கடை திறப்பதற்கு முன்னால் இதே கூத்து. ஒரு நாள் இரண்டு எண், ஒரு நாள் மூன்று, மறுநாள் மறுபடியும் ஒன்று. பத்தாவது நாள் சங்கிலி வந்து அவர் குதிகாலில் இடித்து நின்றது. அவர் ஐந்து எண்ணையும் சத்தமாகப் படித்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். கடி வாங்கிய நாளிலிருந்து அதுதான் முதல் அழுகை. கணவர் பக்கத்தில் உட்கார்ந்தார். சங்கிலியை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

ஐந்தாவது ஊசி போட்ட இரண்டாம் நாள் ரீடிங். தெருவின் முதல் வீட்டிலிருந்து வரிசையாக வந்தார். பல் டாக்டர் வீட்டு வரியில் போன மாதம் மீதித் தெருவை முடித்த யாரோ, அவர் தாளில், அவருடையதல்லாத கையெழுத்தில், 'வீடு பூட்டியிருந்தது' என்று எழுதியிருந்தார்கள். அதைப் பார்த்ததும் கொஞ்சம் கோபம் வந்தது. கோபமும் துணைதானே?

கேட்டை இரண்டு தட்டு தட்டினார். சங்கிலிச் சத்தத்துக்காகக் காதையும் முதுகையும் தயாராக வைத்துக்கொண்டு நின்றார்.

ஒரு சத்தமும் இல்லை.

இன்னும் இரண்டு தட்டு. ஒன்றுமில்லை. பத்து நாளாகச் சத்தத்தைத் தாங்கப் பழகியவருக்குச் சத்தமே வராவிட்டால் என்ன செய்வது என்று தெரியவில்லை. நாய் எங்கே? கட்டியிருக்கிறதா, சந்தில் நிற்கிறதா? கெண்டைக்கால் தானாகத் துடித்தது. போன மாதத்து வரியையே இந்த மாதமும் எழுதிவிட்டுப் போகலாம். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

அந்த வாக்கியம் ஞாபகம் வந்ததுமே, கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தெருவே கேட்கக் குரல் கொடுத்தார்: "டாக்டர்! நாய் எங்க இருக்கு?"

பதினாறு வருஷத்தில் முதல் தடவை. கத்துக்குட்டிகள் கேட்கிற கேள்வி. கேட்ட பிறகு, வெட்கம் வருமென்று பார்த்தால் வரவில்லை.

டாக்டர் வேகமாக வெளியே வந்தார். "பின்பக்கம் கட்டியிருக்கேம்மா. சங்கிலிச் சத்தம் கேட்டா உங்களுக்கு ஆகலைன்னு உங்க வீட்டுக்காரர் சொன்னாரு. அதான் நாடாப் பட்டைக்கு மாத்திட்டேன்."

யூனிட்டக்காவுக்குச் சிரிப்பதா திட்டுவதா என்று புரியவில்லை. ஒருவர் செயினைத் துணியில் சுற்றுகிறார், இன்னொருவர் சங்கிலியையே மாற்றுகிறார். ஊரே சேர்ந்து தன்னைச் செவிடாக்கப் பார்க்கிறது!

"சங்கிலியையே மாட்டுங்க டாக்டர். அது இருக்கிற இடம் எனக்குத் தெரியணும். கொக்கியை மட்டும் ஒழுங்கா அடிங்க. இப்ப அதைக் கூட்டிட்டு வந்து, என் கண்ணுல படற மாதிரி புடிச்சுக்கிட்டு நில்லுங்க."

டாக்டர் நாயைக் கொண்டுவந்து, பட்டையைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு வாசலில் நின்றார். நாய் யூனிட்டக்காவைப் பார்த்தது. யூனிட்டக்காவும் அதைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் ஒருவர்மேல் ஒருவருக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை, அதை இரண்டு பேரும் மறைக்கவும் இல்லை. பிறகு அவர் சந்துக்குள் போய், நாய்க்கு முதுகைக் காட்டி நின்று, டார்ச்சை அடித்தார். வெளிச்சம் கொஞ்சம் ஆடியது. ஐந்து எண்ணையும் வாய்விட்டுப் படித்தார். எழுதினார். எழுத்தும் கொஞ்சம் ஆடித்தான் இருந்தது, ஆனால் அவருடைய எழுத்து.

அடுத்த வீடு. இரண்டு தட்டு. "நாய் இருக்கா?"

அந்த வீட்டம்மா ஈரக்கையோடு எட்டிப் பார்த்துச் சிரித்தார். "என்ன யூனிட்டக்கா, இத்தனை வருஷமா வர்றீங்க, எங்க வீட்டுல ஒரு பூனைகூடக் கிடையாதே!"

"தெரியும்மா. இருந்தாலும் இல்லைன்னு உங்க வாயால ஒரு தடவை சொல்லுங்க, உள்ள வரேன்."

"இல்லை, வாங்க."

யூனிட்டக்கா கேட்டைத் திறந்தார்.