பசிக்காக ஒரு நடை

சென்ற மாதம் செக்கப்புக்குப் போயிருந்தேன். ஏழாம் மாதம். எடை மெஷினைப் பார்த்ததும் நர்ஸ் அக்காவின் முகம் சுருங்கியது. அதற்கு முந்தின மாதமும் இதே எடைதான்...

"சாப்பிடுதியா இல்லையா?"

"பசிக்கவே மாட்டேங்குதுக்கா."

"நாள் பூரா லேப்டாப் முன்னால உட்காந்திருந்தா எப்படிப் பசிக்கும்? சாயங்காலம் அரைமணி நேரம் நட. பிள்ள வளரணும்லா."

டாக்டரும் நடக்கலாம் என்றார். அம்மாதான் ஒத்துக்கொள்ளவில்லை. தலைப்பிரசவத்துக்காகப் புதூர் பக்கம் அம்மா வீட்டில் இருக்கிறேன்.

"வெயில்ல அலையக் கூடாதுன்னுதானட்டி உன்னைப் படிக்க வச்சேன். இப்ப ஊரு பாக்க ரோட்டுல நடக்கணுங்கியே."

எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான். அதில் எனக்கிருக்கும் பெருமையைவிட அம்மாவுக்கு அதிகம். ஆனால் எடை கூட வேண்டுமே?

கிளம்பினேன். நூறு அடி போவதற்குள் பால்கார அண்ணாச்சி மொபெட்டை நிறுத்தினார்.

"ஏறும்மா. பிள்ளத்தாச்சிய நடக்க விட்டுட்டு நான் எப்படிப் போவேன்?"

"சும்மாதான் நடக்கேன் அண்ணாச்சி."

"சும்மா யாரும் நடப்பாவளா? வீட்டுல சண்டையா?"

நியாயமான சந்தேகம்தான். எங்கள் கரிசல் காட்டில் காரணமில்லாமல் யார் நடந்திருக்கிறார்கள்?

திரும்பி வந்தால் வாசலில் தட்டோடு அம்மா. ஒரு வாய்கூட இறங்கவில்லை.

"நடந்ததுல இருந்த பசியும் போச்சு" — தீர்ப்புச் சொல்லிவிட்டாள். எனக்கும் உள்ளுக்குள் பயம்தான்.

ஒரு மணி நேரம் போயிருக்கும்... வயிறு கிள்ளியது. களைத்து வந்த உடம்பு கொஞ்சம் ஆற வேண்டும் போலிருக்கிறது. கம்பஞ்சோறும் கருவாட்டுக் குழம்பும் — இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினேன்.

அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"உன்னைச் சுமக்கயில மிளகாய்க்குக் களை வெட்டிட்டு வருவேன். இப்படித்தான் பசிக்கும். இருக்கத உங்க அப்பாவுக்கு வச்சிட்டு, தண்ணியக் குடிச்சிட்டுப் படுத்திருவேன்."

பசியை வரவழைக்க நடப்பதே ஒரு வசதிதான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. தட்டை அவள் பக்கம் நகர்த்தினேன். "எனக்கெதுக்குட்டி" என்றபடியே சாப்பிட்டாள்.

மறுநாளிலிருந்து அம்மாவும் கூட நடக்கிறாள். தனியாக அனுப்ப மனசில்லையாம்.

இந்த வாரம் மறுபடி செக்கப். ஒன்றரைக் கிலோ கூடியிருக்கிறேன். நர்ஸ் அக்கா சிரித்தார்.

கூட வந்த அம்மாவையும் மெஷினில் ஏறச் சொன்னேன்... "எனக்கெதுக்குட்டி" என்றபடியே செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.