அண்ணன் படிக்காத அத்தியாயம்

புத்தகம் எழுதினவளிடம் யாரும் உண்மை பேசுவதில்லை. இது எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. ஜுரு ஆற்றங்கரையில் இருக்கும் பாக்காவ் என்னும் அலையாத்திக் காட்டைப் பற்றியும், அதையொட்டி இருந்த தென்னந்தோட்டத்தில் நாங்கள் பிழைத்த பிழைப்பைப் பற்றியும் ஒரு புத்தகம் எழுதினேன். கதை கிடையாது. சேறு, நண்டு, கொக்கு, மனிதர்கள், எல்லாம் இருந்தது இருந்தபடி. ஜார்ஜ் டவுனில், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக்குப் பக்கத்தில் ஒரு மாடி மண்டபத்தில் வெளியீடு வைத்தோம். ஆய்வுரை சொல்ல வந்தவர் பினாங்குப் பாலத்தின் பெருமையைப் பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். என் புத்தகத்தில் பாலத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மனிதர் அட்டையைத் தாண்டவில்லை. முடிந்ததும் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

பிறகு வாசகர் கருத்துகள் வரத் தொடங்கின. தோட்டத்தில் பிறந்த ஒருவர் பாசாரில் என்னை மறித்துக்கொண்டார்.

“எங்கப்பா பேரே இல்லியேக்கா? அங்க கணக்கெழுதுன கிராணி அவருதானே?”

“மத்ததெல்லாம் எப்படி இருந்துச்சு தம்பி?”

“மத்தத இன்னும் பார்க்கலக்கா. பேரு இருக்கான்னு மட்டும்தான் தேடுனேன்.”

கோயில் கமிட்டி அம்மா ஒருவர், கள்ளுக்கடைப் பக்கங்களை அடுத்த பதிப்பில் எடுத்துவிடச் சொன்னார். அடுத்த பதிப்பாம்! என் அலுவலகத் தோழிக்குக் கொக்கு அதிகம், மனுஷன் கம்மி. வாட்ஸ்அப் புலனக் குழுவில் கும்பிட்ட கைகளும் ரோஜாப் பூக்களும் வந்து குவிந்தன. எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் தூக்கம் கெடவில்லை. ஏனென்றால் நான் காத்திருந்தது இவர்கள் யாருடைய கருத்துக்காகவும் இல்லை.

அந்தப் புத்தகத்தில் அம்மாவைப் பற்றி ஒரு அத்தியாயம் இருக்கிறது. தோட்ட வேலை முடிந்து, நீர் வற்றும் நேரம் பார்த்து, கம்பிக் கொக்கியோடு சேற்றில் இறங்கி நண்டு பிடிப்பாள். அவள் இறந்துபோனபோது நான் சின்னப்பிள்ளை. வேர்களுக்கு நடுவே குனிந்திருக்கும் ஒரு முதுகு, சேறு அப்பிய முழங்கால், எதற்கோ வாய்விட்டு ஒரு சிரிப்பு. என்னிடம் இருந்தது அவ்வளவுதான். அதை வைத்து ஒரு முழுப் பெண்ணை எழுதிவிட்டேன். வீட்டில் ஒரு படம்கூடக் கிடையாது. நான் எழுதியது அம்மாதானா, இல்லை நானாக உண்டாக்கிக்கொண்ட யாரோவா என்று சொல்லக்கூடியவர் அண்ணன் ஒருவர்தான். கூடையைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னாலேயே போனவர் அவர்.

அண்ணனுக்குப் புக்கிட் தெங்காவில் தொழிற்சாலை வேலை. வெளியீடு முடிந்த மறுநாளே புத்தகத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, நேராகச் சாமி மேடையில் கொண்டுபோய் வைத்தார். “தங்கச்சி எழுதுனது. மொதல்ல அங்க இருக்கட்டும்.” எனக்குப் பெருமையாக இருந்ததை மறைப்பானேன். நல்ல நாள் பார்த்து எடுப்பார் என்று விட்டுவிட்டேன்.

நல்ல நாளா வந்தது? சரஸ்வதி பூசை வந்தது. அண்ணி அட்டைக்குச் சந்தனம், குங்குமம் வைத்தாள். பூசையில் வைத்த புத்தகத்தை அன்றைக்குப் படிக்கக் கூடாது. மறுநாள் அவருக்கு வேலை. ஞாயிற்றுக்கிழமை எடுக்கலாம் என்றால் அன்று வீட்டில் கோழி, மீன். கவுச்சி சாப்பிட்ட கையோடு சாமி மேடைப் பொருளைத் தொடலாமா? புத்தகம் முழுக்க நண்டு, அண்ணே! சேறும் நண்டும்! அதைத் தொடுவதற்கு விரதமா? இப்படிக் கத்தியே விட்டேன். அவர் சிரித்தார்.

“வேலய விட்டு நின்னுடட்டும்மா. ஆற அமர உக்காந்து படிக்கிறேன். இத அள்ளித் தெளிச்ச கோலம் மாதிரியா படிக்க முடியும்?”

அவருக்கு இனிப்பு நீர், சர்க்கரை நோய், ரொம்ப நாளாக உண்டு. வேலையிலிருந்து நிற்பதற்கு முன்பே கண்ணுக்குள் ரத்தம் கசிந்துவிட்டது. லேசர் வைத்தார்கள், ஊசி போட்டார்கள். வெளிச்சம் தெரியும், ஆள் வந்தால் நிழலாடும், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

போன மாதம் நானே போய்ப் புத்தகத்தை எடுத்தேன். மேடையில் இருந்த இடத்தில் தூசி படியாமல் ஒரு சதுரம் தெரிந்தது. ஒரு பக்கம்கூடப் பிரிபடாத புத்தகம், விரிக்கும்போது முறுக்கிக்கொண்டது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து அம்மாவின் அத்தியாயத்தை வாசித்தேன். அண்ணன் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, அசையாமல் கேட்டார். அண்ணி அடுப்பை அணைத்துவிட்டு வந்து கதவோரம் நின்றாள். முடித்துவிட்டுக் கேட்டேன்.

“அம்மா இப்படித்தானே இருந்தாங்க, அண்ணே?”

“நீ எழுதுனா சரியாத்தாம்மா இருக்கும்.”

“அத நீங்கதான் சொல்லணும். நான் சின்னப்பிள்ளை. உங்களுக்குத்தானே தெரியும்?”

அண்ணன் வேறு யாரிடமோ சொல்வதுபோல மெதுவாகச் சொன்னார்.

“எனக்கு அம்மா முகம் மறந்து ரொம்ப வருசமாச்சு தங்கச்சி. ஒன் புத்தகத்துல இருக்கும், படிச்சுத் தெரிஞ்சிக்கலாம்னுதான் பத்திரமா வச்சிருந்தேன்.”