கொழுப்பு நீக்கிய நெற்றி

அக்னி நட்சத்திரத்துக்கு முந்தைய வாரம். சனிக்கிழமை என் தம்பிக்கு வலது நெற்றியில் எரிச்சல், திங்கட்கிழமை கொப்புளம். அக்கி என்றார்கள். செவ்வாய்க்கிழமை மாதனூரில் அக்கி எழுதும் ஒருவர் காவி குழைத்து அதன்மேல் சிங்கம் எழுதிவிட்டார். புதன்கிழமை காலை நான் ஆம்பூருக்குப் போனபோது அந்தச் சிங்கம் நீரில் ஊறி, வெடித்து, ஈ மொய்த்துக் கிடந்தது. வலது இமை வீங்கி, கண் பாதி மூடியிருந்தது.

அதைவிட அருவருப்பு, அவன் குழாயடியில் உட்கார்ந்து பாத்திர சோப்பும் நாரும் போட்டுக் கொப்புளங்களைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

"இன்னாடா பண்றே?"

"கொழுப்ப எடுக்கறேண்ணா."

தம்பி தோல் கம்பெனியில் சதை சீவும் மெஷினில் நிற்பவன். பச்சைத் தோலில் கொழுப்பு மிஞ்சினால் தோல் கெட்டுவிடும். அங்கே குவியும் வெளுத்த சவ்வையும் அதன் நாற்றத்தையும் பார்த்த அன்று நான் சோற்றைத் தொடவில்லை. அக்கி வைரஸ் கொலஸ்ட்ராலை வைத்துத்தான் வளர்கிறது என்று அவனுக்கு வாட்ஸாப்பில் ஒரு குரல்பதிவு வந்திருந்தது. மீதியை அவன் தொழில் சொல்லிக்கொடுத்துவிட்டது.

"கொள்ளுத் தண்ணி தவிர எதுவும் எறங்கல மாமா" என்றாள் அவன் மனைவி. "பிரியாணி வேணாங்கறாரு, ஆம்பூர்ல பொறந்துட்டு! ஆஸ்பத்திரின்னா கத்தறாரு."

குரல்பதிவு முழுப் பொய்யாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு குமட்டியிருக்காது. உடலின் செல்லுக்குள் கொலஸ்ட்ராலை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுசெல்லும் புரதங்கள் உண்டு. ஆய்வுக்கூடத்தில் அந்தப் போக்குவரத்தை அடைத்தால் அக்கி வைரஸின் குடும்பத்தைச் சேர்ந்த சில வைரஸ்கள் திணறுகின்றன. நான் படித்ததுதான். அந்த உண்மையில் பாதியைக் கடித்துத் துப்பி, எச்சிலோடு ஊருக்கெல்லாம் அனுப்பியிருந்தார்கள்.

அவனை ஏறக்குறைய இழுத்துக்கொண்டுதான் வேலூருக்குப் போனேன். கண் மருத்துவர் ஓர் அம்மா. காவியைத் துடைத்துத் துடைத்துப் பஞ்சு தீர்ந்தது. பிறகு அவன் மூக்கு நுனியைப் பார்த்ததும் அவர் குரல் மாறியது.

"இங்க ஒரு கொப்புளம் இருக்கே, இது வந்தாலே கண்ணுக்கும் வர வாய்ப்பு ஜாஸ்தி. கண்ணுலயும் வந்திருக்கு. மாத்திரைய இன்னிக்கே ஆரம்பிச்சா பார்வைய காப்பாத்தலாம்."

"கொழுப்ப கட் பண்ணிட்டேன் மேடம்" என்றான் தம்பி. தோல் கம்பெனியில் சீவுவதுபோல நெற்றியைத் தேய்த்ததையும் சொன்னான்.

"நீங்க சாப்பிடலன்னாலும் உடம்புல இருக்கற செல்லுங்க தானாவே கொலஸ்ட்ரால் செஞ்சுக்கும். கம்பெனில நீங்க சீவுறது செத்த தோலுங்க. நெத்தில இருக்கறது உயிரோட இருக்கு."

அங்கேயே முதல் மாத்திரையைப் போடவைத்தேன். விழுங்கிவிட்டு, பிரியாணி எப்போது சாப்பிடலாம் என்று கேட்டான்.

ஆனி மாதக் கடைசியில் மறுபடி பரிசோதனை. இடது கண்ணை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"தெரியுதாடா?"

"தெரியுதுண்ணா. கொஞ்சம் பொகையா. உன் மூஞ்சிக்கு அது போதும்."

பார்வை பிழைத்தது. நெற்றியில் நார் கிழித்த இடமெல்லாம் குழிகுழியாகத் தழும்பு. இப்போதும் அவனுக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட என்னால் முடிவதில்லை.