மூன்றாவது வரிசையில் இரண்டு நாற்காலிகள்

காலையிலேயே மகளுக்கு லேசாக மூச்சு இழுத்தது. இரண்டு வயதுதான். சளி பிடித்தால் எப்போதும் இப்படித்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, ஆனையூரிலிருந்து சமயநல்லூரில் ஒரு பள்ளிக்குக் கிளம்பினேன். அன்று அங்கே, அவள் பிறந்த பிறகு நான் நடிக்கும் முதல் நாடகம். "நீ போ. டாக்டர்ட்ட காட்டிட்டு சாயங்காலம் நானே கூட்டிட்டு வாரேன்," என்றார் கணவர். அத்தை, அவருடைய அம்மா, குழந்தையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அதுதான் வழியெல்லாம் உறுத்தியது.

பல நாடுகளில் போட்ட பழைய நாடகம் அது. இரண்டு பேர் ஒருவருக்காகக் காத்திருப்பார்கள். அவர் வரவே மாட்டார். வேறு கதை கிடையாது. பள்ளிப் பிள்ளைகள் மிரளக்கூடாதென்று காலையில் பயிலரங்கு, மாலையில் நாடகம். ஒன்பதாம் வகுப்பிடம் என் வசனத்தையே கொடுத்தேன். "இன்னைக்கு வருவாரா?" என்று நான் கேட்பேன், ஒருவர் ஆசையாக, ஒருவர் எரிச்சலாகப் பதில் சொல்ல வேண்டும். தனியாகப் பேசக் கூச்சப்பட்டார்கள். சரி, எல்லாரும் சேர்ந்தே சொல்லுங்கள் என்றேன். கூரை அதிர்ந்தது.

மாலையில் மூன்றாவது வரிசையில் இரண்டு நாற்காலிகள் மேல் என் துப்பட்டாவைப் போட்டு இடம் பிடித்தேன். நாடகம் தொடங்கியபோதும் அவை காலியாகவே இருந்தன.

"இன்னைக்கு வருவாரா?"

"வருவாரு மேடம்!" என்றது மொத்த அரங்கமும்.

உடன் நடித்த அண்ணன் முதுகைக் காட்டிச் சிரிப்பை அடக்கினார். அங்கே வரவேண்டிய நீண்ட மௌனம் போயே போனது. நான் கேட்ட போதெல்லாம் இதே கதி.

இடைவேளையில் இயக்குநர் பல்லைக் கடித்தார். "குட் மார்னிங் சொல்ற மாதிரில்ல சொல்லுதுக! என்னத்தப் பழக்கி விட்டீங்க?" வெளியே வகுப்பாசிரியை, "இனி ஒருத்தர் வாயத் தெறந்தீங்க, பாத்துக்கங்க" என்று மிரட்டுவது கேட்டது. கணவரை அழைத்தேன். எடுக்கவில்லை. அத்தையும் எடுக்கவில்லை.

"வண்டில வந்துட்டு இருப்பாப்ல, தங்கச்சி," என்றார் அண்ணன். "வா, மணி அடிச்சாச்சு."

மறுபாதியில் அதே வசனம். "இன்னைக்கு வருவாரா?" என் குரல் எனக்கே வேறாகக் கேட்டது. ஒருவரும் பேசவில்லை. முன் வரிசைப் பெண் ஒருத்தி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். யாராவது கத்திவிட மாட்டார்களா என்றிருந்தது எனக்கு.

கடைசிக் காட்சியில் அரங்கத்தின் கதவு திறந்தது. கணவர். தோளில் குழந்தை இல்லை. என்னைப் பார்த்துக் கையைத் தாழ்த்தி ஏதோ காட்டினார். பொறு என்கிறாரா? தூங்குகிறாள் என்கிறாரா? விளக்கு அணையும்வரை நான் அசையாமல் நிற்க வேண்டும். இறங்கி ஓடினால் என்ன செய்துவிடுவார்கள்? நின்றேன். நின்றது சரிதானா என்று இன்றும் தெரியவில்லை.

விளக்கு அணைந்ததும் மேடையிலிருந்து குதித்தேன். "பாப்பா எங்க?"

"மூச்சுக்கு நெபுலைசர் வச்சாங்க. இப்ப நல்லாருக்கா. வீட்ல அம்மா மடில தூங்குறா. காத்துல கூட்டிட்டு வர வேணாம்னாங்க." போனைப் பார்த்தார். "அட, ஆஸ்பத்திரில சைலண்ட்ல போட்டவன் அப்படியே விட்டுட்டேன். அம்மா போன வீட்லயே வச்சுட்டு வந்துட்டாங்க."

அங்கேயே ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். வாயைப் பொத்திய அந்தப் பெண் என் துப்பட்டாவை எடுத்து நீட்டினாள்.

"மேடம், கடைசியா கேட்டீங்கல்ல, அப்ப பதில் சொல்லணும் போலயே இருந்துச்சு. டீச்சர் வைவாங்கன்னு சொல்லல."

"சொல்லியிருக்கலாம்மா," என்றேன்.