அண்ணன் வாயில் என் குரல்

அண்ணனுக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் சீரியல் கம்பெனியிலிருந்து போன் வந்தது. அவன் நடித்து முடித்த சில காட்சிகளுக்கு டப்பிங் பாக்கியாம். வேறு ஆளைப் பேச வைக்கப் போகிறார்களாம். அம்மாவிடம் சொன்னேன்.

"எவனோ ஒருத்தன் எம்பிள்ளை வாயில பேசுததா? நீ போ மக்கா," என்றாள்.

நான் எட்டாவதோடு நின்றவன். கச்சேரியில் ரிதம் பேட் வாசிப்பேன். டப்பிங் தியேட்டர் உள்ளே எப்படி இருக்கும் என்றுகூடத் தெரியாது.

அம்மா அப்படிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. ஆடித்தபசுத் திருவிழாக் கச்சேரியில் காதல் பாட்டு என்றால் எங்கள் செல்வம் அண்ணன்தான். அவனே மெட்டுப் போட்டுப் பாடிய ஆல்பம் போனில் பரவி, சிவகிரி பஸ் கண்டக்டர் வரை முணுமுணுத்தார்கள். அதைப் பார்த்துத்தான் சென்னையில் சீரியலுக்குக் கூப்பிட்டார்கள். கதாநாயகியைக் காதலிக்கிற வேஷம். ஆனால் அவன் 'வாரேன், சொல்லுதேன்' என்று பேசியது அவர்களுக்கு ஒத்துவரவில்லை. வேறொருவரை டப்பிங் பேச வைத்துவிட்டார்கள்.

சீரியல் வந்த முதல் நாள் தெருவே எங்கள் வீட்டு டி.வி. முன்னால் இருந்தது. அண்ணன் வாயைத் திறந்தான், எவனோ பேசினான். "பாடுத பயலுக்குப் பேச வரலையோ?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டாள். அம்மா எழுந்து டி.வி.யை அணைத்தாள். அண்ணன் சென்னைப் பேச்சைப் பழகி, டைரக்டர் பின்னாலேயே அலைந்து தன் குரலிலேயே பேச அனுமதி வாங்கினான். அப்புறம் அம்மா ஒரு நாள்கூடத் தவறவிட்டதில்லை. லீவுக்கு வந்தவன் வாசுதேவநல்லூர் ரோட்டில் பைக் விபத்தில் போய்விட்டான்.

சென்னைக்குப் போய்க் கேட்டேன், பேசிப் பார்க்கச் சொன்னார்கள். டப்பிங் தியேட்டரில் ஹெட்போன் மாட்டினார்கள். ஷூட்டிங்கில் பதிவான சத்தத்தைப் பைலட் என்பார்கள். அதில் அண்ணன் பேசுவான், கூடவே அசிஸ்டென்ட் டைரக்டர் வசனத்தைக் கத்திச் சொல்லிக்கொடுப்பதும் கேட்கும். அதனால்தான் மறுபடி பேச வேண்டியிருக்கிறது. நான் பேசியதெல்லாம் பிந்தியது. சவுண்ட் இன்ஜினியர் சொன்னார்: "தம்பி, உதட்டைப் பார்த்தா லேட்டாயிடும். அவர் மூச்சு இழுக்கறப்ப நீங்களும் இழுங்க."

அது எனக்குத் தெரிந்த வேலை. பல்லவி எடுக்கும் முன் அண்ணன் தோள் லேசாக ஏறும், நான் ஸ்டிக்கைத் தூக்குவேன். திரையிலும் தோள் ஏறியது. அவன் இழுத்தான், நானும் இழுத்தேன். வசனம் உட்கார்ந்துவிட்டது.

கடைசிக் காட்சியில் அவன் சிரிக்கிறான். என்னால் முடியவில்லை. சிரிக்கிற இடத்தில் வேறு யார் குரலும் இல்லை, அதை மட்டும் அவனுக்கே விட முடியுமா என்று கேட்டேன். ஜெனரேட்டர் சத்தம் இருக்கிறது என்றார் இன்ஜினியர். திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுவிட்டு, மேலே கொஞ்சம் மியூசிக் வைத்து அவன் சிரிப்பையே விட்டுவிட்டார்.

அந்தக் காட்சி வந்த அன்று அம்மா பக்கத்தில் இருந்தேன். நான் பேச ஆரம்பித்ததுமே அவள் கை ரிமோட்டுக்குப் போனது. எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கடைசியில் அண்ணன் சிரித்தான்.

"பேசுனது நீ," என்றாள். "இது அவன்."

டி.வி.யை அவள் அணைக்கவில்லை.

இப்போது எனக்கு டப்பிங்தான் வேலை. கோபம், அழுகை, காதல் எல்லாம் பேசிவிடுவேன். சிரிப்பு வந்தால் மட்டும் முதலில் பைலட்டைக் கேட்பேன். இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கும் அதையே சொல்கிறேன். ஒருவன் சிரிப்பை முடிந்தவரை அவனுக்கே விட்டுவிடுங்கள்.